பில்டர் தொற்றுநீக்கம்: பிளீச்சா, பெரொட்சைட்டா, ரி.சி.எல். தூளா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் தண்ணீர் பில்டரின் காபன் கட்டையை மாற்றும் வீடுகள் திருகோணமலையில் நிறைய உண்டு. பழையதைக் கழற்றிய கையோடு அது இருந்த கிண்ணத்தின் உட்சுவரை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மீனின் மேலைத் தொட்டதுபோல வழுக்கும். அந்த வழுவழுப்பு, நுண்ணுயிர்கள் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு. புதுக் கட்டையை அதற்குள் இறக்குவது, கழுவாத சட்டியில் புதுப்பாலைக் காய்ச்சுவது போன்றது.

இந்த வழும்பு வருவதற்குப் பில்டரின் தரக்குறைவு காரணமில்லை. பில்டர் தன் வேலையைச் சரியாகச் செய்வதே காரணம். கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்து நகரத்துக்கு வருகிறது. காபனின் வேலை அந்தக் குளோரினை உறிஞ்சுவது. ஆகவே காபனைத் தாண்டிய தண்ணீருக்குக் காவல் இல்லை. அதற்குப் பிறகு வரும் குழாய், மெம்பிரேன் கூடு, சேமிப்புத் தாங்கி, சின்க் பைப் எல்லாம் திறந்த வீடுதான். கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலிலிருந்தே காவல் கிடையாது.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கச்சான் காலத்தில் கறுப்பு மேல்தாங்கியிலிருந்து மத்தியானம் இறங்கும் தண்ணீரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கச் சுகமான சூடு எப்படியோ அப்படி. அந்தச் சூடு ஒரு கிருமியையும் கொல்லாது, வளர்க்கும்.

கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள்: பிளீச், ஐதரசன் பெரொட்சைட்டு, ரி.சி.எல். தூள் (கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள்), கொதிநீர், யூ.வி. (புறஊதா) விளக்கு. எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரி, வேறோர் இடத்தில் பிழை. எது எங்கே என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: உங்கள் பில்டரில் ஆர்.ஓ. மெம்பிரேன் (தண்ணீரின் உப்பைத் தடுக்கும் படலம்) இருக்கிறதா, தண்ணீரில் இரும்பு இருக்கிறதா, எத்தனை லீற்றர் இடத்தைத் தொற்றுநீக்க வேண்டும்.

மெம்பிரேனைக் கழற்றாமல் எந்த மருந்தும் வேண்டாம்

இதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பெரிய நட்டம் இங்கேதான் நடக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மெம்பிரேன் பொலியமைட்டு எனும் மிக மெல்லிய படலம். தொடர்ந்து பட்டால் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் குளோரினையே அது தாங்காது என்று வைத்துக்கொள்வதுதான் வழமை. லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் பட்டால் 200 முதல் 1000 மணித்தியாலத்துக்குள் படலம் சிதையத் தொடங்கும். பிளீச் ஊற்றும்போது நாம் வைக்கும் அளவு ஏறக்குறைய 80 மில்லிகிராம். அதில் அரை மணித்தியாலம் ஊறினால் 40 மணித்தியாலக் கணக்கு ஒரே தடவையில் தீர்ந்துவிடும். தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் வேகமாகத் தீரும்.

"நாங்கள் மெம்பிரேனோடுதான் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று திருத்துபவர்கள் சொல்வதற்கு விளக்கம் இதுதான். முதல் தடவை எதுவும் தெரியாது. மூன்றாவது, நான்காவது தடவைக்குப் பிறகு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றர் மெல்ல ஏறும். அப்போது பழியெல்லாம் கிணற்றுக்குப் போகும்.

பெரொட்சைட்டு மெம்பிரேனுக்குப் பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. மெம்பிரேன் செய்பவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகள் கடுமையானவை: செறிவு 0.2 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, தண்ணீரின் வெப்பம் 25 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது, மெம்பிரேனில் இரும்போ மங்கனீசோ படிந்திருக்கக்கூடாது. நம் ஊரில் எந்த மாதத்தில் தாங்கித் தண்ணீர் 25 பாகைக்குக் கீழே நிற்கிறது? மாரி மழை கொட்டும் ஒரு சில நாள்களைத் தவிர நிற்காது. இரும்பு உள்ள கிணறு என்றால் கேட்கவே வேண்டாம். இரும்பும் பெரொட்சைட்டும் சேர்ந்தால் படலத்தை அரிக்கும் தாக்கம் பல மடங்காகும். குளிர்நாட்டு வழிகாட்டியை அப்படியே இங்கு எடுத்துக்கொண்டால் சறுக்கும் இடம் இது.

ஆகவே எந்த மருந்தானாலும் மெம்பிரேன் வெளியே. கழற்றியதும் ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து, சுத்தமான பொலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவும் கூடாது, காயவும் கூடாது. அது இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்தாலோ, உட்புறம் வழும்பு தெரிந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள்வரும் தண்ணீரின் டி.டி.எஸ். 800, வெளிவருவது 40 என்றால் 95 வீதம் தடுக்கிறது, நல்ல மெம்பிரேன். வெளிவருவது 160 ஆகிவிட்டால் 80 வீதம்தான். அதைத் தொற்றுநீக்கிப் பத்திரப்படுத்துவதில் பலனில்லை. ஆனால் டி.டி.எஸ். மீற்றர் உப்பை மட்டுமே காட்டும். 20 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம்.

பிளீச் திரவம்

மணம் சேர்க்காத, நிறம் சேர்க்காத, தடிப்பாக இல்லாத சாதாரண பிளீச். எலுமிச்சை மணம், பூமணம் போட்டவை தரை கழுவத்தான். போத்தலில் 5 வீதம் என்று இருந்தால் 1 மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் குளோரின். ஆனால் வெயில் படும் கடை அலுமாரியில் மாதக்கணக்கில் நின்ற போத்தலில் பாதிகூட மிஞ்சியிருக்காது. உற்பத்தித் திகதி பார்த்து, மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக வாங்குங்கள்.

சின்க்கின் கீழே மூன்று கிண்ணங்களும் அழுத்தத் தாங்கியும் உள்ள ஆர்.ஓ. ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டையை எடுத்த 10 அங்குலக் கிண்ணம் சுமார் 1 லீற்றர் கொள்ளும். குழாய்களோடு சேர்த்து மூன்றரை லீற்றர், தாங்கி 8 லீற்றருக்குச் சற்றுக் கூட. மொத்தம் ஏறக்குறைய 12 லீற்றர். அதற்கு 20 மில்லிலீற்றர் புதிய பிளீச் போதும்: முதல் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி, மற்ற இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி. லீற்றருக்கு 80 மில்லிகிராம் சொச்சம் வரும். முழுவதையும் முதல் கிண்ணத்தில் ஊற்றும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் முன்னால் போகும் தண்ணீரில் மருந்து மிதமிஞ்சியும், பின்னால் வருவதில் ஒன்றும் இல்லாமலும் போகும்.

வேலை இப்படிப் போகும். உள்வரும் வால்வை மூடி, சின்க் பைப்பைத் திறந்து தாங்கியை முழுதாக வடியவிடுங்கள். கிண்ணங்களைக் கழற்றி, பழைய கட்டைகளை எறிந்து, மணமில்லாத பாத்திரச் சவர்க்காரத்தாலும் மென்மையான பிரஷ்ஷாலும் தேய்த்துக் கழுவுங்கள். பாதி வேலை இந்தத் தேய்ப்புத்தான். வழும்பின்மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேற்பரப்பில் உள்ளதைக் கொன்றுவிட்டு நின்றுவிடும். றப்பர் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். கறுப்பு வழும்பு அதிகம் ஒளிந்திருப்பது அந்தப் பள்ளத்தில். வளையத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அது சிக்குப்பிடித்து, நாம் விரட்ட நினைக்கும் கிருமிக்கே சாப்பாடாகும். உணவுத்தர சிலிக்கன் கிறீஸ் ஒரு சிறு குழாய் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

மெம்பிரேனை எடுத்துவிட்டு அதன் கூட்டை வெறுமனே மூடுங்கள். கடைசியில், தாங்கிக்கும் சின்க் பைப்புக்கும் இடையில் ஒரு சிறிய காபன் உருளை இருக்கும். அதையும் கழற்றி, கால் அங்குல இணைப்பு ஒன்றால் குழாயை நேராகத் தொடுத்துவிடுங்கள். மறந்தால் அந்தக் காபன் மருந்து முழுவதையும் விழுங்கிவிடும். சின்க் பைப்புக்கு ஒரு துளிகூடப் போகாது.

மருந்தை ஊற்றி, கிண்ணங்களைக் கையால் இறுக்கி, வால்வை மெதுவாகத் திறவுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேல்தாங்கி 5 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது அரை பார் அழுத்தம்தான். ஆர்.ஓ.வுக்கு 3 பார் அளவில் வேண்டும். அதனால் நம் வீட்டு ஆர்.ஓ. எல்லாவற்றிலும் பூஸ்டர் பம்ப் இருக்கும், கூடவே கரண்டில் திறக்கும் வால்வும் இருக்கும். பாதுகாப்புக்கென்று பிளக்கைக் கழற்றி வைத்தால் தண்ணீர் உள்ளே வராது. வெளிப்பக்கம் மட்டும் கழுவியதாக முடியும். கைகளைத் துடைத்துவிட்டு பிளக்கைப் போடுங்கள். சின்க் பைப்பைத் திறந்து வையுங்கள். குளோரின் மணம் வந்ததும் மூடி, தாங்கியை நிரம்பவிடுங்கள். மெம்பிரேன் இல்லாததால் மணிக்கணக்கு ஆகாது, சில நிமிடத்தில் நிரம்பும். பம்ப் தானாக நின்றதும் பிளக்கைக் கழற்றி, 30 நிமிடம் விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கூடுதல் நன்மை கிடையாது. பித்தளை இணைப்புகளும் உருக்கு ஆணிகளும்தான் அரிபடும்.

பிறகு முழுவதையும் வடித்து, தாங்கியை இரண்டு முறை நிரப்பி வடித்து, கட்டைகள் இல்லாமலே 10, 15 நிமிடம் ஓடவிடுங்கள். குளோரின் போய்விட்டதா என்று பார்க்க, நீச்சல் தடாகத்துக்கு விற்கும் சோதனைத் தாள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு கிளாஸ்: ஒன்றில் பில்டர் பைப் தண்ணீர், மற்றதில் சமையலறைக் குழாய்த் தண்ணீர். நகரநீரில் இயல்பாகவே கொஞ்சம் மணம் இருக்கும். இரண்டும் ஒரே மணமானால் சரி. அதன் பின்னரே புதுக் கட்டைகளைப் போட வேண்டும். புதுக் காபனைக் கறுப்புத் தூள் வடியும் வரை கழுவிய பிறகுதான் மெம்பிரேன். முதல் தாங்கித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுக் கட்டையின் உறையை அடிப்பக்கம் வரை கிழித்து வெறுங்கையால் தூக்காமல், பாதி கிழித்து உறையாலேயே பிடித்து இறக்குங்கள்.

பிளீச்சின் குறை இரண்டு. மணம் போகத் தண்ணீர் அதிகம் செலவாகும்; கோடையில் கிணறு வற்றும் இடங்களில் அது சின்ன விஷயமில்லை. மற்றது, தண்ணீரின் காரத்தன்மை. பி.எச். 7.5ஐத் தாண்டும்போது குளோரினின் வீரியமான பாதி குறைந்துகொண்டே போகும். கடினநீர்க் கிணறு உள்ளவர்கள் 30 நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக்கினால் அது ஈடாகிவிடும். பி.எச்.ஐக் குறைக்க என்று வினாகிரியோ எலுமிச்சைப் புளியோ பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. சேர்ந்த நொடியில் குளோரின் வாயு கிளம்பும்; சின்க்கின் கீழே தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு அது உயிராபத்து. கல்படிவை வினாகிரியால் கழுவியிருந்தால், பிளீச்சுக்கு முன் நல்ல தண்ணீர் நிறைய ஓடவிட வேண்டும்.

ஐதரசன் பெரொட்சைட்டு

பாமசியில் 3 வீதமாகவும் 6 வீதமாகவும் கிடைக்கும். 10 வொலியூம், 20 வொலியூம் என்று எழுதியிருப்பவை அவைதான். 6 வீதத்தைச் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 வீதமாக்கலாம். தலைமயிருக்குப் பூசும் கிறீம் வகையும், தொழிற்சாலைக்கு வரும் 35 வீதமும் வேண்டாம். பின்னது கைத்தோலை வெளுக்க வைத்து எரிக்கும்.

இதன் பெரிய நன்மை, மிச்சம் வைக்காதது. தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும். மணமில்லை, அலசுவதும் எளிது. குளோரின் மணம் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கும், தண்ணீர் தட்டுப்பாடான நேரத்துக்கும் இதுதான் வசதி.

ஆனால் அளவைப் பாருங்கள். 0.2 வீதம் வர வேண்டுமென்றால், மூன்றரை லீற்றர் கொள்ளும் கிண்ணங்களுக்கு மட்டும் 3 வீதத் திரவம் 240 மில்லிலீற்றர். தாங்கியோடு சேர்த்து 12 லீற்றருக்கு 800 மில்லிலீற்றர், அதாவது பாமசியின் 100 மில்லிலீற்றர் போத்தல் எட்டு. அதே வேலையைப் பிளீச் நான்கு தேக்கரண்டியில் முடித்துவிடும். இன்னொன்று, வழும்பில் வாழும் பல நுண்ணுயிர்களிடம் பெரொட்சைட்டை உடைக்கும் நொதியம் உண்டு. ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்குவதைப் பார்த்து 'நல்லா வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் மருந்து வீணாகிக்கொண்டிருக்கும் அடையாளம் அது. ஒழுங்காகக் கழுவிவரும் பில்டருக்குப் பெரொட்சைட்டு போதும். ஒரு வருடம் தொடாமல் விட்ட பில்டருக்குப் பிளீச்தான்.

காபன் கட்டை மட்டும் உள்ள, தாங்கி இல்லாத, மெம்பிரேன் இல்லாத பில்டர்கள் நகரநீர் வீடுகளில் பல. அவற்றுக்கு யோசிக்காமல் பெரொட்சைட்டைச் சொல்வோம். கிண்ணத்துக்கு 70 மில்லிலீற்றர், ஒரு மணித்தியாலம், பிறகு ஐந்து நிமிட ஓட்டம். முடிந்தது.

பிளீச்சும் பெரொட்சைட்டும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று எண்ண வேண்டாம். ஒன்றை ஒன்று அழித்து, ஒட்சிசனைக் கக்கி, மூடிய கிண்ணத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ரி.சி.எல். தூள்

வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குப் போடுவது இதைத்தான். மலிவு, வெயிலைத் திரவத்தைவிடக் கொஞ்சம் தாங்கும். புதிதாக இருந்தால் 30 வீதமளவு குளோரின். அது சுண்ணாம்பு கலந்த தூள் என்பதை மறக்கக்கூடாது. கரைத்தால் அடியில் வெள்ளைக் குழம்பு தங்கும். அந்தக் குழம்பு பில்டர் கிண்ணத்துக்குள் போனால் பம்பின் வாயில்களையும் கழிவுநீர்க் கட்டுப்படுத்தியின் மயிரிழைத் துளையையும் அடைத்துவிடும். பில்டருக்குள் தூளைப் போடவே வேண்டாம். அதன் இடம் மேல்தாங்கியும் கிணறும்.

மேல்தாங்கியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது பாசி பிடித்துக் கிடக்க, கீழே பில்டரை மட்டும் கழுவினால் மூன்று வாரத்தில் பழைய நிலைதான். 1000 லீற்றர் தாங்கியை வடித்து, தேய்த்து, கால்வாசி நிரப்புங்கள். 165 கிராம் ரி.சி.எல். தூளை ஒரு பிளாஸ்ரிக் வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் தாங்கியில் ஊற்றி, மீதியை நிரப்புங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரும். திரவம்தான் கையிலிருந்தால் 5 வீதப் பிளீச் 1 லீற்றர். வீட்டின் எல்லாப் பைப்பையும் மணம் வரும்வரை திறந்து மூடி, 24 மணித்தியாலம் விட வேண்டும். அந்த நேரம் பில்டரின் வால்வு மூடியிருக்கட்டும். வடிக்கும் தண்ணீரைக் கிணற்றடிப் பக்கம் விட வேண்டாம். நிலாவெளி, உப்புவெளி மணலில் ஊற்றியது அப்படியே கீழிறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வரும். பூக்கன்றுகளுக்கும் ஆகாது.

மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கத்துக் கிணறுகள் மூழ்கும் மாரியில் முறை ஒன்றுதான்: முதலில் கிணறு, பிறகு தாங்கி, கடைசியில் பில்டர். வெள்ளநீர் ஒருமுறை பில்டருக்குள் வந்துவிட்டால் கட்டைகளையும் மெம்பிரேனையும் காப்பாற்ற முயல வேண்டாம்.

கொதிநீர்

ஆர்.ஓ. மெம்பிரேனின் எல்லை 45 பாகை. கிண்ணங்களின் பிளாஸ்ரிக்கும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கொதிநீர் ஊற்றிய கிண்ணம் அன்றைக்கே உடையாது. மரையில் மயிரிழை வெடிப்பு விழுந்து, பல நாள் கழித்து நள்ளிரவில் பிளந்து குசினியை நனைக்கும். உருக்குப் பில்டரின் உடலுக்கும் மெழுகுதிரி வடிவில் வரும் வெள்ளைக் களிமண் பில்டர்க் கட்டைக்கும் மட்டுமே கொதிநீர். அந்த மெழுகுதிரியைச் சவர்க்காரம் இல்லாமல், மென்பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்துவிட்டு 10 நிமிடம் கொதிக்க வைக்கலாம். அடியிலிருந்து குமிழி ஓரிடத்தில் கோடாக வந்தால் வெடிப்பு உண்டு, எறிந்துவிடுங்கள். உள்ளே காபன் நிரப்பிய மெழுகுதிரியும், பிளாஸ்ரிக் அடி ஒட்டியதும் கொதிநீரில் பிரிந்துபோகும்.

யூ.வி. விளக்கு

விற்பவர்கள் இதைத் தொற்றுநீக்கமாகவே சொல்கிறார்கள். 254 நனோமீற்றர் ஒளி, தன்னைக் கடந்து போகும் தண்ணீரில் உள்ள கிருமியை முடக்கும். அது நின்ற இடத்துக்கு அப்பால் உள்ள தாங்கியையும் பைப்பையும் அது தொடாது. சுவரில் மாட்டும் வகை ஆர்.ஓ.வில் 8, 10 லீற்றர் திறந்த தாங்கி உள்ளேயே இருக்கும். மூடி ஒழுங்காக உட்காராவிட்டால் எறும்பும் புகும், சின்னக் கரப்பானும் புகும். யூ.வி. அதற்கு முன்னால் இருந்து என்ன பயன்? அந்தத் தாங்கியை மாதம் ஒருமுறை கையால் துடைத்து, 10 லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச் என்ற அளவில் 30 நிமிடம் வைத்து வடிப்பது, விளக்கு மாற்றுவதைவிட முக்கியம்.

விளக்கு நீலமாக எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ஏறக்குறைய 9000 மணித்தியாலம், அதாவது ஒரு வருடத் தொடர்ச்சி, அதற்குப் பின் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி குன்றிவிடும். கடினநீரில் கண்ணாடிக் குழலில் வெள்ளைப் படிவு ஏறும். சித்திரிக்கமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். கரண்ட் போனால் விளக்கும் போகும், ஆனால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் அமைப்புகளும் உண்டு.

எந்த வீட்டுக்கு எது

நகரநீர், காபன் மட்டும்: பெரொட்சைட்டு, கட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும். நகரநீர், ஆர்.ஓ., அழுத்தத் தாங்கி: பிளீச், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெம்பிரேன் வெளியே. கந்தளாய்க்கும் கோமரங்கடவலைக்கும் அங்கால் கடினநீர்க் கிணறு வைத்து, சிறுநீரக நோய்ப் பயத்தில் ஆர்.ஓ. போட்ட வீடுகளில் கல்படிவுதான் முதல் எதிரி. சித்திரிக்கமிலம் ஒரு நாள், பிளீச் இன்னொரு நாள். இரும்புக் கறை படியும் கிணறு என்றால் பெரொட்சைட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். இரும்பு அதை உடைத்து வீணாக்கும்.

அழுத்தத் தாங்கியை இரண்டு விதமாகச் சோதியுங்கள். வடித்த பின்பும் பாரமாக இருந்தாலோ, காற்று ஊதும் வாயை அழுத்தும்போது தண்ணீர் சீறினாலோ உள்ளே றப்பர்ப்பை கிழிந்துவிட்டது. கிழிந்த பைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை எந்த மருந்தும் எட்டாது. பை நன்றாக இருந்தால், வெறுந்தாங்கியில் சைக்கிள் பம்பால் 7 பி.எஸ்.ஐ. வரை காற்றை ஏற்றிவிடுங்கள்.

திருத்துபவரைக் கூப்பிடுவதும் ஒரு தெரிவுதான். அவர் வந்ததும் மூன்றைக் கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை வீதம், மெம்பிரேனைக் கழற்றுவீர்களா. மூன்றாவதற்குத் 'தேவையில்லை' என்று பதில் வந்தால் கட்டை மாற்றும் வேலையோடு அனுப்பிவிட்டு, மற்றதை நீங்களே செய்யலாம். கிண்ணம் கழற்றும் பிளாஸ்ரிக் ஸ்பானர் ஹாட்வெயரில் கிடைக்கும். செய்த வேலை பலித்ததா என்று அறிய ஒரு வாரம் கழித்து நீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பார்க்க வேண்டியது 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை இல்லை என்ற வரி. மாதிரியை ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில் மட்டும் எடுத்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுங்கள். சோடாப் போத்தலில் கொண்டுபோனால் சோதிக்கப்படுவது போத்தல்தான்.

நிலாவெளி, உப்புவெளி விருந்தினர் விடுதிக்காரர்களுக்கு வேறொரு கணக்கு. உல்லாசப் பயணிகள் மே முதல் செப்ரெம்பர் வரை. மாரி முழுக்க ஆர்.ஓ. சும்மா கிடக்கும். நின்ற தண்ணீரில் வளரும் வழும்பை ஏப்ரலில் பிளீச்சால் விரட்டுவதைவிட, பூட்டும்போதே தடுப்பது மலிவு. பில்டரை வடித்து, கட்டைகளை எறிந்து, கிண்ணங்களைக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். மெம்பிரேனை 1 வீத சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில், அதாவது 1 லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் 10 கிராம் கரைத்து, காற்றில்லாமல் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்; சமையலறைப் பையன் சர்பத் என்று நினைக்கக்கூடாது. திறக்கும் வாரத்தில் பிளீச் முறையை முழுதாகச் செய்து, புதுக் கட்டைகளும் மெம்பிரேனும் பூட்டிய பின் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரில் முற்றம் கழுவலாம். தேநீர் போட வேண்டாம்.